பழங்காநத்தம் ஜெராக்ஸ் கடையும் ஃபோர்டின் கல்லறையும்

இந்தக் கடைக்குப் பெயர் கிடையாது. மஞ்சள் பலகையில் ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன்’ என்று எழுதியிருந்தார்கள். ‘லே’ உதிர்ந்துபோய் இப்போது ‘மினேஷன்’ மட்டும் இருக்கிறது. பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், இடது கைப்பக்கம் பஞ்சர் கடை, வலது கைப்பக்கம் சாயங்காலம் வந்து நிற்கும் பருத்திப்பால் வண்டி. நடுவில் எட்டடிக்குப் பத்தடி இடம். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மின்விசிறி இருந்தும் காற்று இல்லை. ஆதார் திருத்தம், பட்டா சிட்டா, மின்கட்டணம், ரயில் டிக்கெட், தேர்வாணைய விண்ணப்பம் எல்லாம் செய்து தருகிறார்கள். அதற்கெல்லாம் இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டியதில்லை, மதுரையில் தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. நான் எழுதுவது வேறு வேலைக்காக. ஹென்றி ஃபோர்டை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி இந்தக் கடைக்குப் போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 68. நாற்பது வருடம் மெக்கானிக் பட்டறை நடத்தினேன். எனக்கு முன்னால் என் அப்பா. போர் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட ஃபோர்டு வி8 லாரிகளைப் பிரித்துக் கோத்துத்தான் அவர் தொழில் கற்றார். எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் ஊற்றி 1932-இல் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு விற்ற இன்ஜின் அது. சூடேறும், தண்ணீர் குடிக்கும், ஆனால் வழியில் நின்றால் ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறவன் சரி செய்துவிடலாம். ‘இதைச் செய்தவன் கையில் அழுக்குப் பட்டவன்’ என்று அப்பா சொல்வார். அவர் யாரைப் பற்றியும் அதற்கு மேல் நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் நண்பர் ஒருவர் டி.வி.எஸ்.ஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் பருத்திப்பால் வண்டிக்கு வருவார். ஒரு நாள் பேச்சுவாக்கில், “பங்காளி, உலகத்தையே காரில் ஏற்றிவிட்ட மனிதர், அவருக்குத் திருமலை நாயக்கர் மகால் அளவுக்குத் தூண் எழுப்பிக் கல்லறை கட்டியிருப்பார்கள்” என்றார். நான் அப்படி இருக்காது என்றேன். ஏன் என்று கேட்டார். அப்பா சொன்னதைச் சொன்னேன். அது ஒரு காரணமா என்று சிரித்தார். பந்தயம் கட்டினோம். தோற்றவர் ஒரு மாதம் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

என் போனிடம் கேட்டுப் பார்த்தேன். மைக் படத்தை அழுத்தி, ‘ஃபோர்டு கல்லறை எங்கே இருக்கிறது’ என்று கேட்டால், பழைய கார் வாங்கி விற்கும் ஒரு இடத்துக்கு வழி காட்டியது. என் மகள் அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் நோவை என்ற ஊரில் இருக்கிறாள். அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் பந்தயக் காரியத்துக்கு மகளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. அதனால் ஜெராக்ஸ் கடை.

முதல் நாள் கடைக்காரப் பெண் இல்லை. திருமங்கலத்தில் ஏதோ விசேஷம் என்று போயிருந்தார். உதவிக்கு இருக்கும் பையன்தான் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் தட்டினான், ஐந்து நிமிடத்தில் நாலு பக்கம் எடுத்துக் கொடுத்தான். கேட்காமலே கலரில். பக்கம் பத்து ரூபாய். வாங்கிப் பார்த்தால் டெட்ராய்ட் நகரில் உட்லான் என்ற பெரிய இடுகாடு, அதில் ஃபோர்டு குடும்பத்துக் கல்லறை, வரைபடம். கூடவே ஒரு படம்: எகிப்துக் கோயில் மாதிரி சாய்ந்த சுவர், வாசலில் இரண்டு பக்கமும் மனிதத் தலையும் சிங்க உடம்புமாக இரண்டு சிலை.

நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தாயா பங்காளி, யாளி வைத்திருக்கிறான்!” பருத்திப்பால்காரரிடம் அப்போதே என் கணக்கில் ஒரு டம்ளர் சொல்லிவிட்டார்.

படத்தின் அடியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டாட்ஜ். அது ஃபோர்டு அல்ல, ஜான் டாட்ஜ், ஹொராஸ் டாட்ஜ் என்ற அண்ணன் தம்பியின் கல்லறை. மெக்கானிக்காக இருந்தால் இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. ஃபோர்டு 1903-இல் கம்பெனி தொடங்கியபோது இன்ஜினும் கியர் பாக்ஸும் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். பணத்துக்குப் பதிலாகக் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, ஃபோர்டு கொடுத்த லாபத்தை வைத்தே சொந்தமாகக் கார் செய்யப் புறப்பட்டார்கள். ஃபோர்டு லாபம் பங்கிடுவதை நிறுத்தினார். வழக்குப் போட்டு 1919-இல் ஜெயித்தார்கள். அதே வருடம் ஃபோர்டு 2.5 கோடி டாலர் கொடுத்து அவர்கள் பங்கை வாங்கிக் கணக்கை முடித்தார். அடுத்த வருடம், 1920-இல், ஜனவரியில் அண்ணனும் டிசம்பரில் தம்பியும் போய்விட்டார்கள். சிங்கச் சிலை காவலுக்கு நிற்கிறது. மாமனார் வீட்டுச் சீரில் தனிக் கடை வைத்த மருமகன்கள் என்று நண்பருக்கு விளக்கினேன். “அவர்களும் கார் கம்பெனிக்காரர்கள்தானே” என்றார். அன்றைக்கு அந்த டம்ளருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

மறுநாள் கடைக்காரப் பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும். பையன் எடுத்த காகிதத்தை நீட்டி, ஃபோர்டு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் போடச் சொன்னேன். எந்தக் கடையிலும் ‘சரி’ என்று பட்டனை அழுத்தியிருப்பார்கள். இந்தப் பெண் காகிதத்தைப் படித்தார். படித்துவிட்டு, “ஐயா, இவர் எந்த வருடம் முதல் கார் செய்தார்?” என்று கேட்டார்.

1896 ஜூன் மாதம் என்றேன். எனக்கு அது மனப்பாடம். வீட்டுக்குப் பின்னால் செங்கல் கொட்டகையில், நாலு சைக்கிள் சக்கரம் போட்டு ஒரு வண்டி செய்தார் ஃபோர்டு. செய்து முடித்த பிறகுதான் கொட்டகை வாசல் வண்டியைவிடக் குறுகல் என்று தெரிந்தது. கோடரியால் சுவரை உடைத்து வண்டியை வெளியே எடுத்தார். பட்டறை வைத்திருக்கிற ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது இப்படி மாட்டியிருப்பான். நானே ஒரு மெட்டடார் வேனின் மேல்கூட்டை உயர்த்திக் கட்டிவிட்டு, ஷட்டருக்கு வெளியே கொண்டுவர நாலு டயரிலும் காற்றை இறக்கியிருக்கிறேன்.

“இந்தக் காகிதத்தில் இருப்பவர் 1893-இல் பிறந்திருக்கிறார் ஐயா. மூன்று வயதிலா கார் செய்தார்?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் வருடத்தைப் பார்க்கவே இல்லை. அது எட்செல் ஃபோர்டு, ஹென்றியின் ஒரே மகன். 1943-இல், 49 வயதில், அப்பா உயிரோடு இருக்கும்போதே போனவர். மகன் ஓரிடத்தில், அப்பா வேறிடத்தில். நாம் குடும்பத்தோடு சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

அப்புறம் அந்தப் பெண் தேடினார். பின்னால் ஒருவர் சாதிச் சான்றிதழுக்கு நின்றுகொண்டிருந்தார், அவரைப் பையனிடம் அனுப்பிவிட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தக் கடையில் வரிசை என்று ஒன்று இருக்கிறது, யாரும் முழங்கையால் இடித்துக்கொண்டு நுழைய முடியாது. டியர்பார்ன் என்ற ஊரில் தேடச் சொன்னேன். ஃபோர்டின் வீடு அங்கேதான், ஃபேர் லேன் என்று பெயர். அவர் அமைத்த அருங்காட்சியகமும் அங்கேதான். அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது டெட்ராய்ட் நகர எல்லைக்குள், மேற்குப் பக்கம், ஜாய் ரோடு என்ற சாலையில். ஃபோர்டு குடும்பத்தின் பழைய இடுகாடு. அப்பா வில்லியம், அம்மா மேரி எல்லாரும் அங்கே. பண்ணைக்காரக் குடும்பம், தங்கள் ஆட்களைப் புதைக்க ஒதுக்கிய சின்ன இடம். ஹென்றி 1947-இல் அங்கே போனார், மனைவி கிளாரா 1950-இல். பக்கத்திலேயே புனித மார்த்தா தேவாலயம், அது 1950களில் எழுந்தது.

ஒரு இடத்தில் பார்த்ததோடு அவர் விடவில்லை. மூன்று இடத்தில் ஒப்பிட்டார். தேவாலயத்தின் பெயரைத் தனியாகப் போட்டு, மேலிருந்து எடுத்த படத்தில் அதே சாலை வருகிறதா என்று பார்த்தார். “காகிதத்தில் எடுத்துக் கொடுத்தால் அதை நம்பி ஒருவர் வண்டியில் ஏறுவார் ஐயா. நான் சரி பார்க்க வேண்டாமா?” நாற்பது வருடம் பிரேக் வேலை செய்தவனிடம் சொல்கிற வார்த்தையா இது! எழுந்து கைகொடுக்கத் தோன்றியது. நாற்காலி ஆடியதால் எழவில்லை. (வாடிக்கையாளர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் மடித்து வைத்திருக்கும் அட்டையை யாராவது எடுத்துவிடுகிறார்கள். ஒரு ரப்பர் புஷ் போட்டால் தீர்ந்தது என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.)

தேடும்போது படித்துக்கொண்டே போனார், எனக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். 1914 ஜனவரியில் தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர் என்று ஃபோர்டு அறிவித்தது, அது அன்றைய கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓடும் வரிசையில் வைத்துச் செய்ததால் ஒரு வண்டியின் அடிச்சட்டம் கோக்கும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடத்துக்கு வந்தது. மாடல் டி என்ற கார் மட்டும் ஒன்றரைக் கோடி செய்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தி, “இவர் சொந்தமாகப் பத்திரிகை நடத்தி யூதர்களைப் பற்றி இவ்வளவு மோசமாக எழுத வைத்திருக்கிறாரே, ஹிட்லர் அரசு 1938-இல் இவருக்குப் பதக்கம் வேறு கொடுத்திருக்கிறது, தெரியுமா ஐயா?” என்றார்.

தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. பொருளைப் பார்த்து ஆளை எடை போடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அது பாதிக்குத்தான் சரியாக வரும். இன்னும் தேடட்டுமா என்று கேட்டார். தேடச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார். ஃபோர்டு போன ராத்திரி, 1947 ஏப்ரல் 7, அவர் வீட்டை ஒட்டி ஓடும் ரூஜ் ஆற்றில் வெள்ளம். வீட்டுக்கு மின்சாரம் கொடுத்த நிலையம் நின்றுவிட்டது. மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான் எரிந்தன. எடிசன் மின்சாரக் கம்பெனியில் தலைமை இன்ஜினியராக இருந்தவர், அவர் பிறந்த 1863-இல் எந்த வெளிச்சம் இருந்ததோ அந்த வெளிச்சத்திலேயே போயிருக்கிறார். கடை யு.பி.எஸ். அப்போது கீச்சென்று கத்தியது. கரண்ட் போய்விட்டது. இங்கே இன்வெர்ட்டர் ஒரு கணினிக்கு மட்டும்தான் தாங்கும், பிரிண்டருக்குத் தாங்காது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணிக்கு பிரவுசிங் கட்டணம் போடவில்லை.

கரண்ட் வந்ததும் மூன்று பக்கம் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பிரிண்டர் இரண்டாவது பக்கத்தை மென்று துப்பியது. இது இந்தக் கடையின் பெரிய குறை, முதல் காகிதம் நன்றாக வரும், இரண்டாவதைத் தின்றுவிடும். உருளை தேய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. மாற்ற வேண்டும். வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் தேவாலயத்துக்கு ஒரு சிலுவையும் வண்டி நிறுத்த ஒரு கட்டமும் போட்டுக் கொடுத்தார். முதல் நாள் பையன் வாங்கிய நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். “தப்பான இடுகாட்டுக்குக் காசு வாங்கக்கூடாது ஐயா” என்று மேசை மேல் வைத்தார்.

அதற்கு அப்புறமும் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. வரைபடத்தில் மகாலும் தெரியாது மண்டபமும் தெரியாது, ஆள் போய்ப் பார்த்தால்தான் என்றார். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார டாக்டர் விடமாட்டார். கடைசியில் மகளிடம்தான் சொல்ல வேண்டியதாயிற்று. பந்தயம் என்று சொல்லவில்லை, தாத்தாவின் ஆசை என்றேன். பாதி உண்மைதான். கடைக்காரப் பெண் அந்த மூன்று பக்கத்தையும் ஸ்கேன் செய்து மகளுக்கு அனுப்பினார், ஸ்கேனுக்குப் பக்கம் ஐந்து ரூபாய்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி, அங்கே காலை பத்து. கடைக் கணினியில் வீடியோ அழைப்பு. மணிக்கு முப்பது ரூபாய், ஸ்பீக்கருக்குத் தனியாக எதுவும் இல்லை. நானும் நண்பரும் உட்கார, பஞ்சர் கடைக்காரர் டியூபைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். பருத்திப்பால்காரர் வண்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

முதலில் மகளின் செருப்பு தெரிந்தது. அப்புறம் புல். அப்புறம் தேவாலயச் சுவர். “அப்பா, அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட இடத்தில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறோம்” என்றாள். கடைக்காரப் பெண் அடுத்த கணினியில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை, ஆனால் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

தூண் இல்லை. மண்டபம் இல்லை. சாலையிலிருந்து கூப்பிடு தூரம். சின்னச் சின்னக் கல் வரிசையாக நிற்கும் சாதாரண இடுகாடு. அதில் இரண்டு பேருக்கும் பக்கம் பக்கமாகக் கல், சுற்றி இரும்புக் கம்பி. அவ்வளவுதான். மகள் பெயரைப் படித்துக் காட்டினாள், ஹென்றி ஃபோர்டு. நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். எங்கள் ஊரில் குலசாமி கோயிலுக்குக்கூட இதைவிட உயரமாகச் சுவர் வைப்போம்.

“தாயி, அந்தக் கம்பியைத் தொட்டுப் பார். வெல்டிங்கா, ரிவெட்டா?” என்று கேட்டேன். மகள் குனிந்தாள். அந்த இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அவள் கை கம்பிக்கு ஒரு அங்குலம் மேலே, அசையாமல். ஒரு நிமிடம் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இணைப்பு திரும்பி வந்தபோது அவள் நகர்ந்து அவருடைய அப்பா அம்மா கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள், பேரன் பசிக்கிறது என்று அழுதான். வெல்டிங்கா ரிவெட்டா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சாயங்கால நேரத்தில் இந்தக் கடையில் இணைய வேகம் குறைகிறது. வீடியோ அழைப்பு வேண்டுமென்றால் மதியத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து நண்பர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “நம் ஐயங்காருக்கு எங்கே போய்ப் பார்ப்பது?” என்றார். டி.வி. சுந்தரம் ஐயங்காரைச் சொல்கிறார். திருக்குறுங்குடியில் பிறந்து, மதுரைக்கு வந்து பஸ் விட்டவர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் பஸ் ஓட வழி செய்தது அவருடைய கம்பெனி. என் அப்பா அந்தக் கரிப் பஸ்ஸுக்கு அடுப்பு ஊதியிருக்கிறார். ஐயங்கார் 1955-இல் கொடைக்கானலில் காலமானார். நம் வழக்கத்தில் தேடிப் போய்ப் பார்க்கக் கல் இருப்பதில்லை. டி.வி.எஸ். நகர் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். நண்பர் அந்த நகரில்தான் குடியிருக்கிறார், மின்கட்டண அட்டையிலும் அதே பெயர்தான். “தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்” என்றேன். ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்தார்.

பந்தயம் இப்படி முடிந்தது: ஃபோர்டு விஷயத்தில் நான் ஜெயித்தேன், ‘கார் கம்பெனிக்காரர்’ என்று பார்த்தால் டாட்ஜ் சகோதரர்களால் நண்பருக்கும் பாதி சேரும். ஆளுக்குப் பதினைந்து நாள். பஞ்சர் கடைக்காரர் சொன்ன தீர்ப்பு, அவருக்கும் தினம் ஒரு டம்ளர் போகிறது.

கடைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்று குறைவது பிரிண்டருக்கும் நாற்காலிக்கும். வரைபடத்தை லேமினேஷன் செய்து வாங்கினேன், முப்பது ரூபாய், ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. பட்டறைச் சுவரில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது, சிவப்புப் பேனாக் கட்டத்தோடு. போகிறவர்கள் கடைக்காரப் பெண் இருக்கும் நேரத்தில் போகவும், காலை பத்திலிருந்து ஒன்று, மறுபடி நாலிலிருந்து எட்டரை. பையன் நல்லவன், ஆனால் முதலில் வருவதை எடுத்துக் கொடுத்துவிடுவான், அதுவும் கலரில். கறுப்பு வெள்ளை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சில்லறை கொண்டு போங்கள்.

நண்பர் இந்த வாரம் தனியாகப் போய் கார்ல் பென்ஸைத் தேடச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் லாடன்பர்க் என்ற ஊராம், 1929-இல் போனவராம். அங்கே நமக்கு யாரையும் தெரியாது. தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பஞ்சர் கடைக்காரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடை கிடையாது, பருத்திப்பால் வண்டி உண்டு.